கவர்மெண்ட் டிவியில் விண்டோஸ் 11: வட்டம் வட்டமாக வந்துவிட்டது

கம்ப்யூட்டர் படம் பழைய டியூப் டிவியில் ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. 800-க்கு 600 பிக்சல் டெஸ்க்டாப், முழுக் கலர், உருட்டினால் திக்காமல் நகரும் படம், பெயிண்ட்டில் போட்ட வட்டம் திரையிலும் வட்டம். டிவி எது தெரியுமா? 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் எங்கள் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த அதே 14 இன்ச் பெட்டி. ஊரில் பரண்மேல் கிடந்தது. பிக்சர் டியூப் இன்னும் பளிச்சென்று இருக்கிறது, இன்றைக்கு வாங்கும் எல்இடி டிவியில் பேக்லைட் எத்தனை வருடம் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

டெஸ்க்டாப் பக்கம் ரைசன் 5 8600ஜி பிராசசர், கிராபிக்ஸ் அதற்குள்ளேயே, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மதர்போர்டின் முதுகில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளே போர்ட். மானிட்டரை டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயை டிவிக்கு ஒதுக்கினேன். டிவியின் பின்னால் இருப்பது ஏவி எனப்படும் மஞ்சள் ஓட்டை ஒன்று (படம்), வெள்ளை ஓட்டை ஒன்று (சத்தம்), அவ்வளவுதான். ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. இந்த செட்டில் சேனல் குறைக்கும் பட்டனை 0-க்குக் கீழே அமுக்கினால் ஏவி வந்துவிடும், அதனால் கவலையில்லை.

நடுவில் உட்காருவது வழக்கமான வெள்ளை நிற எச்டிஎம்ஐ டு ஏவி டப்பா. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கும்போது மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏவி டு எச்டிஎம்ஐ டப்பாவும் அதே அளவு, அதே நிறம், அதே மூடி. கடைக்காரர் எனக்கு முதலில் எடுத்து நீட்டியது அதைத்தான். ‘ரெண்டும் ஒண்ணுதான் சார், ரெண்டு பக்கமும் வேலை செய்யும்’ என்று வேறு சொன்னார். செய்யாது. உள்ளே இருக்கும் சிப் ஒரு திசையில்தான் மாற்றும்.

டப்பாவின் பக்கவாட்டு சுவிட்சை ‘பால்’ (PAL, நம்மூர் டிவி முறை) பக்கம் தள்ளுவது, யுஎஸ்பியில் 5 வோல்ட் கொடுப்பது எல்லாம் எல்லோரும் செய்ததுதான், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: சும்மா கிடந்த போன் சார்ஜரில் கொடுத்தபோது திரையில் சாய்வாக மெல்லிய கோடுகள் ஊர்ந்தன. டெஸ்க்டாப்பின் பின்பக்க யுஎஸ்பியிலிருந்தே கொடுத்ததும் மறைந்துவிட்டன.

படம் வருவது பெரிய விஷயமே இல்லை. வந்த படம் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். எல்லா முகமும் ஒட்டிப்போய் நீண்டிருந்தது. டப்பா தன்னை 1080பி (1920-க்கு 1080), 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம்) திரை என்று விண்டோஸிடம் சொல்லிக்கொள்கிறது. 16:9 படத்தை அப்படியே வாங்கி, பக்கவாட்டில் நசுக்கி 4:3-இல் திணிக்கிறது. அதோடு 60 பிரேம் வாங்கி 50 பீல்டு (வரிவிட்டு வரி வரையும் அரைப் படம்) அனுப்ப வேண்டும் என்பதால் நொடிக்குப் பத்தைத் தூக்கி எறிகிறது. டைட்டில் கார்டு மேலே ஏறும்போது பாருங்கள், ஆறு அடிக்கு ஒரு முறை இடறும்.

இணையத்தில் இதற்குச் சொல்லப்படும் பதில் ‘கோடி (Kodi என்ற வீடியோ பிளேயர்) போட்டு அதில் வீடியோ கேலிபிரேஷன் செய்’ என்பது. செய்யலாம், கோடிக்குள் நன்றாகவே இருக்கும். வெளியே வந்தால் மறுபடி நசுங்கிய டெஸ்க்டாப். எனக்கு டெஸ்க்டாப்பே சரியாக வேண்டும்.

முதலில் 50 ஹெர்ட்ஸ். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1280-க்கு 720 வைத்தால் 50 பட்டியலில் வருகிறது, டிவியைப் போலவே 4:3 ஆன 800-க்கு 600-க்குப் போனதும் ஓடிப்போகிறது. இதற்கு, திரை அளவை நாமே எழுத உதவும் சிஆர்யு என்ற கஸ்டம் ரெசல்யூஷன் கருவியைத்தான் எடுத்தேன். மேலே இருக்கும் பட்டியலில் டப்பாவைத் தேர்ந்தெடுத்து (மானிட்டரைத் தொட்டுவிடாதீர்கள்), டீட்டெயில்டு ரெசல்யூஷனில் 720பி 50-ஐக் கையாலேயே எழுதினேன். கிடைமட்டம் 1280, ஃபிரன்ட் போர்ச் (வரி முடிந்ததும் வரும் வெற்றிடம்) 440, சிங்க் (அடுத்த வரிக்கான துடிப்பு) 40, மொத்தம் 1980. செங்குத்து 720, போர்ச் 5, சிங்க் 5, மொத்தம் 750. இரண்டு மொத்தத்தையும் 50-ஆல் பெருக்கிப் பார்த்தால் பிக்சல் கிளாக் (நொடிக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு) 74.25 மெகாஹெர்ட்ஸ். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், 720பி 60-க்கும் இதே கிளாக்தான். அங்கே ஃபிரன்ட் போர்ச் 110, மொத்தம் 1650. ஒவ்வொரு வரியின் வாலிலும் 330 பிக்சல் சும்மா இருந்தால் 60 என்பது 50 ஆகிவிடுகிறது. இந்த வரியைப் பட்டியலின் தலைக்கு ஏற்றி, 1080பி 60-ஐ அழித்து, கூடவே வரும் ரீஸ்டார்ட் நிரலை ஓட்டினால் திரை ஒரு முறை கறுத்து எழும். அதற்குப் பிறகு கிராபிக்ஸ் இந்த டப்பாவின் சொந்த அளவு 720பி 50 என்று நம்பிவிடும்.

இனிதான் வட்டம். ஏஎம்டியின் கிராபிக்ஸ் செட்டிங்ஸ் மென்பொருளான அட்ரினலினில் டிஸ்ப்ளே பக்கத்தில் ஜிபியு ஸ்கேலிங்கை ஆன் செய்து, ஸ்கேலிங் மோடில் ஃபுல் பேனல் வையுங்கள். ஆஸ்பெக்ட் ரேஷியோவைக் காப்பாற்றும் மோடைத்தான் எல்லோரும் வைப்பார்கள், இங்கே அது வேண்டாம். இப்போது விண்டோஸில் 800-க்கு 600. கிராபிக்ஸ் அகலத்தை 1.6 மடங்கும் உயரத்தை 1.2 மடங்கும் இழுத்து 1280-க்கு 720 ஆக்குகிறது. அதாவது படம் மூன்றில் ஒரு பங்கு குண்டாகிறது. டப்பா 16:9-ஐ 4:3-க்கு நசுக்கும்போது கழிவதும் சரியாக அந்தக் கூடுதல் அகலம்தான். கிராபிக்ஸ் குண்டாக்குகிறது, டப்பா ஒல்லியாக்குகிறது, கண்ணாடிக்கு வரும்போது வட்டம் வட்டம். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் டெஸ்க்டாப் மோடு 800-க்கு 600 என்றும் ஆக்டிவ் சிக்னல் 1280-க்கு 720, 50 ஹெர்ட்ஸ் என்றும் தனித்தனியாகக் காட்டினால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஷிஃப்ட் அழுத்தி பெயிண்ட்டில் ஒரு வட்டம் போட்டு, மனைவியின் கண்ணாடி வளையலைத் திரையின் நடுவில் வைத்துப் பார்த்தேன். அளவை வளையலுக்குச் சரியாகக் கொண்டுவந்ததும் கோடு சுற்றிலும் ஒரே மாதிரி விளிம்புக்கு அடியில் போனது. மூலைக்கு நகர்த்தினால் கொஞ்சம் பிதுங்கும். அது டியூபின் குணம், நம் கையில் இல்லை.

50 ஹெர்ட்ஸின் பலன் எதிர்பார்த்ததைவிட அதிகம். என்னிடம் இருக்கும் பழைய சீரியல் பதிவுகளும் ‘பால்’ டிவிடிகளும் 25 பிரேமில் உள்ளவை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அவற்றின் கேமரா நகர்வு எப்போதுமே கொஞ்சம் தள்ளாடும். இங்கே ஒரு பிரேமுக்குச் சரியாக இரண்டு பீல்டு, வழுக்கிக்கொண்டு போகிறது. மானிட்டர் விலை டிவியைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். (டிவி விலை பூஜ்யம்.)

சத்தத்துக்கு ஒரு குறிப்பு. டிவியில் வெள்ளை ஓட்டை மட்டும் என்பதால் இடது சேனல் மட்டுமே போகும். எண்பதுகளின் ஸ்டீரியோ பாட்டைப் போட்டால் குரல் கேட்கிறது, வயலின் கூட்டத்தில் பாதியைக் காணவில்லை. விண்டோஸ் அக்சஸிபிலிட்டியில் மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் வயலின் திரும்பிவிடும்.

எழுத்து விஷயத்தில் இன்னும் சண்டை முடியவில்லை. மஞ்சள் பின் வழியாக வரும் படத்தில் அவ்வளவு நுணுக்கம் தாங்காது, ஆங்கிலத்தை ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘பக்கம்’ என்பது ‘பககம’ என்று நிற்கிறது. ண, ன இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. விண்டோஸில் எழுத்தின் ஓரத்தை மழமழப்பாக்கும் கிளியர்டைப்பை அணைத்ததும் எழுத்தைச் சுற்றியிருந்த வானவில் அழுக்கு போனது. அக்சஸிபிலிட்டியில் எழுத்தளவைக் கூட்டி, தடித்த எழுத்துக்கு மாறியதும் புள்ளி தலைகாட்டுகிறது, ஆனால் மெல்லிய படுக்கைக் கோடு எதுவாக இருந்தாலும் வரிவிட்டு வரி வரைவதால் துடித்துக்கொண்டே இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து ஓரளவு கண்ணுக்கு இதம். நீலத்தில் சிவப்பு வேண்டவே வேண்டாம்.

டாஸ்க்பாரும் கீழே பாதி மறைந்துதான் கிடக்கிறது. அட்ரினலினில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் ஸ்லைடரை இழுத்தால் முழுதாகத் தெரிகிறது. ஆனால் படம் இன்னொரு முறை சுருங்கி எழுத்து மேலும் கலங்குகிறது. இப்போதைக்கு டாஸ்க்பாரை ஆட்டோ ஹைடில் போட்டுவிட்டேன். டிவியின் சர்வீஸ் மெனுவில் உயரத்தைக் குறைக்கலாம், அதற்கு இந்த மாடலின் ரிமோட் வேண்டும். மூர் மார்க்கெட் பக்கம் தேடச் சொன்னார்கள். மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்கும் யோசனையை யாரும் சொல்லாதீர்கள், டியூபில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும்.

அதற்குள் மனசு வேறெங்கோ போய்விட்டது. இந்த டப்பா எதைக் கொடுத்தாலும் 576i ஆகத்தான் (வரிவிட்டு வரி வரையும் 576 வரிப் படம்) துப்பும், பழைய கேம்களுக்கு வேண்டிய, வரி விடாமல் வரையும் படம் வராது, தாமதமும் உண்டு. டப்பா இல்லாமல் நேரே கொடுக்கலாம் என்றால், ஜிடிஎக்ஸ் 980 டிஐ காலத்தோடு என்விடியா தன் கிராபிக்ஸ் கார்டுகளில் அனலாக் அவுட்டை நிறுத்திவிட்டது, அடுத்து வந்த 10 வரிசையில் டிவிஐ இருந்தாலும் டிஜிட்டல் மட்டும்தான். பழைய கார்டு வாங்கினாலும் இந்த டிவியில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் படம்) நுழைய வாசல் இல்லை. அதனால் அலமாரியில் தூங்கும் குட்டிக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 3-ஐ எடுத்து வைத்திருக்கிறேன், அதன் 3.5 எம்எம் ஜாக்கிலேயே வீடியோ உண்டு. கான்ஃபிக் கோப்பில் எஸ்டிடிவி மோடு 2 போட்டால் ‘பால்’. கேபிள்தான் தொல்லை: ராஸ்பெர்ரி பையின் ஜாக்கில் வீடியோ கடைசி வளையத்தில், அதற்கு முந்தையது கிரவுண்ட். கடையில் கிடைக்கும் கேம்கார்டர் கேபிள் பலவற்றில் இது இடம் மாறியிருக்கும். வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய், மூன்று பின்னின் வெளி உலோகமும் ஜாக்கின் எந்த வளையத்தோடு பீப் அடிக்கிறது என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நான் சனிக்கிழமை போகிறேன்.