மாட்யூலுக்கு ஒரு ரெப்போ வேணுமா?

எஸ்விஎன்ல இருந்து கிட்டுக்கு (ரெண்டுமே கோடு மாறுன ஹிஸ்டரிய வச்சுக்கற வெர்ஷன் கன்ட்ரோல் டூல்) மாறுற டீம்ல சீக்கிரமே ஒரு வாக்குவாதம் வந்துடும், பத்துப் பன்னெண்டு மாட்யூல் இருக்கே, எல்லாத்தையும் ஒரே ரெப்போல (கோடும் அதோட ஹிஸ்டரியும் இருக்கற இடம்) போடறதா இல்ல மாட்யூலுக்கு ஒண்ணா பிரிக்கறதான்னு. எஸ்விஎன்ல இது பெரிய விஷயமே இல்ல, எவ்ளோ பெரிய ரெப்போவா இருந்தாலும் வேணுங்கற ஃபோல்டர மட்டும் செக்அவுட் பண்ணிக்கலாம். கிட்ல ஒரு கமிட்ங்கறது மொத்த ட்ரீயோட ஸ்னாப்ஷாட், சாதாரணமா க்ளோன் பண்ணா ஹிஸ்டரி முழுசும் கூடவே வரும், அதனால எல்லை எங்கன்னு முதல்லயே யோசிச்சாகணும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்துல மேவன் (ஜாவா கோட பில்ட் பண்ற டூல்) ப்ராஜெக்ட், மாட்யூலுக்கு ஒரு ரெப்போ. டயக்ராம்ல பார்க்க அழகா இருக்கும். ஆனா காமன் மாட்யூல்ல ஒரு மெத்தடுக்கு பாராமீட்டர் ஒண்ணு சேர்க்கணும்னா முதல்ல காமன்ல ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்ட், அது மெர்ஜ் ஆகி பில்ட் ஓடி புது ஜார் (பில்ட் ஆகி வர்ற ஜாவா ஃபைல்) வந்தப்புறம் பில்லிங்ல ஒண்ணு, ரிப்போர்ட்ல ஒண்ணு, நடுவுல யாராவது காமன மட்டும் புல் பண்ணிட்டா அவங்க மெஷின்ல கம்பைலே ஆகாது. இதையெல்லாம்கூட பொறுத்துக்கலாம். பழைய பக் ஒண்ணத் தேடி பைசெக்ட் (எந்த கமிட்ல பக் வந்துச்சுன்னு பாதிப் பாதியா பிரிச்சுத் தேடறது) போடலாம்னு உட்கார்ந்தா, அன்னைக்கு எந்த காமனோட எந்த பில்லிங் ஓடுச்சுன்னே தெரியாது, அதத்தான் என்னால பொறுத்துக்க முடியல. ஹிஸ்டரி இருந்தும் கேள்விக்கு பதில் இல்லன்னா வெர்ஷன் கன்ட்ரோல் எதுக்கு?

சப்மாட்யூல் (ஒரு ரெப்போக்குள்ள இன்னொரு ரெப்போவ வைக்கறது) இந்தக் கேள்விக்கு பதில் சொல்லும், ஏன்னா பேரன்ட் ரெப்போ ப்ராஞ்ச் பேர நம்பாம சரியான கமிட் ஐடியவே எழுதி வச்சுக்குது. ஆனா தினமும் மாத்துற கோடுக்கு அது ரொம்ப பாரம். அப்டேட் போட்டா டிடாச்டு ஹெட்ல, அதாவது எந்த ப்ராஞ்ச்லயும் இல்லாம நிக்கும், சைல்ட புஷ் பண்ணாம பேரன்ட மட்டும் புஷ் பண்ணிட்டா வேற யார்கிட்டயும் இல்லாத கமிட்ட அது காட்டிட்டு இருக்கும் (புஷ்ல ரிகர்ஸ் சப்மாட்யூல்ஸ் செக் ஆப்ஷன ஆன் பண்ணி வச்சா இத தடுக்கும், அவசியம் வைங்க). எப்பவாவது மாறுற வெளியார் லைப்ரரிக்கு சப்மாட்யூல் நல்லாவே பொருந்தும். கிட் மாதிரியே இன்னொரு டூலான மெர்க்யூரியல்ல இதே மாதிரி சப்ரெப்போ உண்டு, வேற வழியே இல்லன்னாதான் அதத் தொடணும்னு அவங்களே சொல்லி வச்சிருக்காங்க.

கடைசில நாங்க டயக்ராம ஒதுக்கி வச்சிட்டு லாக எடுத்துப் பார்த்தோம். ஒரே டிக்கெட் நம்பர் எந்தெந்த ரெப்போல சேர்ந்து வருதுன்னு. காமனும் பில்லிங்கும் கிட்டத்தட்ட எப்பவும் ஒண்ணாவே நகருது, ரிப்போர்ட் எப்பவோதான். சேர்ந்து மாறுறது சேர்ந்தே இருக்கணும், என் கணக்கு இவ்ளோதான். கிட் ஃபில்டர் ரெப்போங்கற, ஹிஸ்டரிய திருத்தி எழுதற டூல வச்சு ஒவ்வொண்ணையும் சப்டைரக்டரிக்கு நகர்த்தி அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ அனுமதிச்சு மெர்ஜ் பண்ணோம், ஹிஸ்டரி போகல, ஆனா கமிட் ஐடி எல்லாம் மாறிடும், அதனால திறந்திருக்கற ப்ராஞ்ச் எல்லாத்தையும் முதல்ல முடிச்சுடுங்க.

ரெப்போ பெருசாயிடுமேன்னு பயந்தவங்க உண்டு. 2017ல மைக்ரோசாஃப்ட் விண்டோஸ கிட்டுக்கு கொண்டு வந்தப்போ அது சுமார் 35 லட்சம் ஃபைல், 300 ஜிபி, அதுக்காக அவங்க தனியா ஒரு வர்ச்சுவல் ஃபைல் சிஸ்டமே எழுத வேண்டி வந்துச்சு. நம்மள்ல பெரும்பாலான ப்ராஜெக்ட் அதுக்குப் பக்கத்துலகூட வராது, மீறி வளர்ந்தாலும் பார்ஷியல் க்ளோன் (எல்லாத்தையும் இறக்காம வேணுங்கறப்ப எடுத்துக்கறது) இருக்கு, 2020ல வந்த கிட் 2.25ல இருந்து ஸ்பார்ஸ் செக்அவுட்டுக்கு (வேணுங்கற ஃபோல்டர மட்டும் எடுத்து வைக்கறது) தனி கமாண்டே இருக்கு. பில்ட் நேரத்துக்கு மேவன்லயே ஏஎம்டி ஆப்ஷன் இருக்கு, பிஎல் ஆப்ஷன்ல நாம பேர் சொல்ற மாட்யூலையும் அத நம்பி இருக்கறதையும் மட்டும் கட்டும்.

ரிப்போர்ட்ட தனியாவே விட்டுட்டோம். அத வேற டீம் பார்க்குது, எங்க கோடு எல்லாமும் அவங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒரு விதி, கிட்ல ஃபோல்டர் வாரியா ரீட் பெர்மிஷன் குடுக்க முடியாது. அவங்க ரிலீஸ் ஆன ஜார மட்டும் வெர்ஷன் நம்பரோட எடுத்துக்கறாங்க, மேவன் ஸ்னாப்ஷாட் (ரிலீஸ் ஆகாம இன்னும் மாறிட்டே இருக்கற வெர்ஷன்) எடுக்கறதில்ல.