நடுவில் ஒரு இதழ் காணோம்

பழைய பிரிட்டிஷ் பெண்பிள்ளைகள் காமிக்ஸ் சேர்க்க ஆரம்பித்த புதிதில் ஆண்டுமலர்களாக வாங்கிக் குவித்தேன். கெட்டி அட்டை, பார்த்தால் பொக்கிஷம் மாதிரி இருக்கும். ஆனால் அவை கிறிஸ்துமஸ் பரிசாக வந்து அலமாரியில் பத்திரமாக இருந்தவை, இன்றைக்கும் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன. (அட்டையில் 1979 என்றிருந்தால் பெரும்பாலும் 1978 கடைசியில் கடைக்கு வந்தது, தேதி வைத்துத் தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.) அரிதானது வார இதழ்தான். மட்டமான காகிதம், படித்ததும் குப்பைக்குப் போய்விடும்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனத்தின் பன்ட்டி வார இதழ் 1958 ஜனவரியில் தொடங்கி 2001 வரை வந்தது. அதன் பின் அட்டையில் ஒரு காகிதப் பொம்மையும் அதற்குப் போட்டுப் பார்க்கிற உடுப்புகளும் வரும், வெட்டி எடுப்பதற்கென்றே அச்சடித்தது, பிள்ளைகளும் வெட்டினார்கள். முன் அட்டைப் படத்தை மட்டும் காட்டி விற்கிறவரிடம் பின் அட்டையையும் கேளுங்கள். நான் கேட்காமல் வாங்கிய பன்னிரண்டில் ஏழில் ஓட்டை! அப்புறம் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், வெயில் பட்டுப் பழுத்த ஓரம், இதெல்லாம் விலையைக் குறைக்கும். எந்த வீட்டில் போட வேண்டும் என்று கடைக்காரர் அட்டை மூலையில் பென்சிலால் எழுதிய பெயரையும் சிலர் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அது பிடிக்கும்.

முதல் இதழ், அதுவும் கூடவே கொடுத்த இலவசப் பொருளோடு இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். ஒரு மலிவு மோதிரத்துக்காக அவ்வளவு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இவை பெரும்பாலும் தொடர்கதைகளால் ஓடிய இதழ்கள். ஏழாம் வாரத்தில் கிணற்றுக்குள் விழுந்த பெண் ஒன்பதாம் வாரத்தில் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறாள், எட்டாம் வாரம் என்னிடம் இல்லை என்றால் அந்தக் கட்டுக்கு என்ன மதிப்பு? முதல் இதழ் ஒன்றைவிட, அட்டை கிழிந்திருந்தாலும் ஒரு கதை தலையிலிருந்து வால் வரை இருக்கிற பன்னிரண்டு இதழ்களுக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

அந்த வகையில் புதிதாக வருகிறவர்களுக்கு மிஸ்டி நல்ல தேர்வு. காமிக்ஸ் எழுத்தாளர் பேட் மில்ஸ் உருவாக்கத்தில் பங்கெடுத்த திகில் இதழ், 1978 பிப்ரவரியிலிருந்து 1980 ஜனவரி வரை மொத்தமே 101 இதழ்கள், முடிக்கக்கூடிய எண்ணிக்கை. படித்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு 2016 முதல் ரெபெல்லியன் பதிப்பகம் போட்டுவரும் மறுபதிப்புகள் இருக்கின்றன, ஆனால் எல்லாக் கதையும் அதில் வந்துவிடவில்லை.

மிஸ்டி நின்றதும் டாமி என்ற இன்னொரு வார இதழோடு சேர்த்துவிட்டார்கள், 1981இல் ஜிண்டி என்ற இதழையும் அப்படியே. விற்பனை குறைந்த இதழைப் பெரிய இதழுக்குள் கரைப்பதும், அதை ஏதோ நல்ல செய்தி போல வாசகிகளிடம் சொல்வதும் அங்கே வழக்கம். அதனால் நான் டாமியும் சேர்க்க வேண்டியதாயிற்று. எழுதியவர், வரைந்தவர் பெயரே போடாமல் வந்துகொண்டிருந்த இதழ் அது, 1982இல்தான் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து 1984 ஜூன் வரை வந்து சேர்ந்தேன். அந்த மாதம் ஒரு வேலைநிறுத்தத்தில் டாமி நின்றே போனது, ஓடிக்கொண்டிருந்த தொடர்களெல்லாம் பாதியில். என்னிடம் எல்லா இதழும் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் 'தொடரும்' இருக்கிறது.