மூன்று மாடிப் படிகள்

மும்பை ஃபோர்ட்டில் எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடியில். பதினெட்டு வருடமாக அங்கே அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பழைய வவுச்சர் ஏதாவது வேண்டுமென்றால் "அண்ணாச்சி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கீழ்த்தளத்து ரெக்கார்டு ரூமிலிருந்து கட்டோடு எடுத்து வந்து மேசையில் வைத்துவிடுவார். திருநெல்வேலிக்காரர், தாராவியில் வீடு. ஐம்பத்தெட்டு வயது. லிஃப்டுக்காக அவர் காத்து நின்று நான் பார்த்ததே இல்லை.

2020 வரை எனக்கும் நடை இருந்தது. செம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்து, ஹார்பர் லைன் வண்டியில் நின்றபடி சி.எஸ்.டி. வந்து, மறுபடி ஆபீஸுக்கு நடை. அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை, அலைச்சல் என்றுதான் அலுத்துக்கொண்டோம். லாக்டவுனில் அந்த அலைச்சல் நின்றது. ஆபீஸ் திறந்த பிறகும் பழக்கதோஷத்தில் டாக்ஸியிலேயே போய் வந்தேன்.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.3 சதவீதம். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. நாள் முழுக்க நான் சும்மா போட்டு வைத்திருந்தது அவற்றைத்தான்.

அப்புறம்தான் ஜெர்மி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1953-இல் லான்செட் இதழில் எழுதிய ஆய்வைப் பற்றிப் படித்தேன். லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மேலும் கீழும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஒரே பஸ், ஒரே ரூட். தபால்காரர்களையும் மேசையில் உட்கார்ந்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அப்படியே. படித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி முகம் வந்து நின்றது. குமாஸ்தா யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். மூன்று மாடி ஏறுவதும் கணக்கில் சேரும்.

மறுநாள் ஒரு வவுச்சர் கட்டுக்காக நானே கீழே இறங்கினேன். அதற்கடுத்த நாளும். முதல் வாரம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏற முடிந்தது. நாலாவது நாள் அண்ணாச்சி அந்தத் திருப்பத்திலேயே என்னை நிறுத்தினார். குரல் தணிந்திருந்தது.

"என்ன சார், எம்மேல ஏதும் வருத்தமா?"

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமாக இந்தப் படிகள்தான் அவருக்குச் சம்பளம். நான் ஏறி இறங்குவதை அவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? ரிப்போர்ட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"சரி, கட்டை நான் எடுத்துட்டு வாரேன். நீங்க கை வீசி ஏறுங்க" என்றார்.

இப்போது நாலு மணி டீ மேலே வருவதில்லை. நாங்கள் இருவருமாகக் கீழே இறங்கிப் போய்க் குடித்துவிட்டு ஏறுகிறோம்.