ஒரே அறை, இரண்டு வாடகை
ஜான் மேடிசன் மார்ட்டன் எழுதிய 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' என்ற ஓரங்க நாடகத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1847 நவம்பரில் லண்டன் லைசியம் தியேட்டரில் மேடையேறியது.

வீட்டுக்காரம்மா மிஸஸ் பவுன்சர் ஒரே அறையை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். பாக்ஸுக்கு அச்சகத்தில் ராத்திரி வேலை. காக்ஸுக்குத் தொப்பிக் கடையில் பகல் வேலை. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. ஒருநாள் காக்ஸுக்குத் திடீரென்று லீவு கிடைக்கிறது, அவ்வளவுதான்!

பாக்ஸ் அடுப்பில் பன்றி இறைச்சியைப் போட்டுவிட்டுக் கண்ணயர்கிறான். உள்ளே வந்த காக்ஸ் அதை எடுத்துவிட்டுத் தன் ஆட்டுக்கறித் துண்டை வைத்துவிட்டுத் தட்டு எடுக்கப் போகிறான். கதவுச் சத்தத்தில் விழித்த பாக்ஸ் ஆட்டுக்கறியை ஜன்னல் வழியே வீசிவிட்டு, பன்றி இறைச்சியை மறுபடி அடுப்பில் வைத்துவிட்டு அறையை விட்டுப் போகிறான். திரும்பி வந்த காக்ஸ் பன்றி இறைச்சியை வீசுகிறான். இவ்வளவும் இருவரும் அறைக்குள் நேருக்கு நேர் பார்ப்பதற்கு முன்பே! ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், சரியான நேரத்தில் திறக்கும் கதவுகள். மார்ட்டனின் கைவண்ணமே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் இருவருக்கும் நிச்சயமானவள் ஒரே விதவை என்று தெரிகிறது. கடைசியில் ஒருவன் கேட்கிறான், இடது கையில் மச்சம் உண்டா என்று. இல்லை என்கிறான் மற்றவன். அப்படியானால் நீதான் காணாமல் போன என் தம்பி! பிரிந்த உறவு சேரும் அழுகைக் காட்சிகளை இதைவிட அழகாக யாரும் கேலி செய்து நான் பார்த்ததில்லை.

1866-இல் இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவன் இதை இசை நாடகமாக்கினார். ஆனாலும் மூலத்தையே முதலில் படியுங்கள்.