மூன்று முறை செத்த கோமளா: ஒரு காதல் நகைச்சுவை நாவலின் 14 மாதக் கணக்கு

செத்த பெண் ஒருத்தி எழுந்து வருவதுதான் என் நாவல். அதன் நாயகி கோமளா இதுவரை மூன்று முறை செத்திருக்கிறாள். முதல் வரைவில் லாரி மோதி. படித்த என் தங்கை, "காமெடின்னு சொன்னே, எனக்கு அழுகையா வருது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவதில் மின்சாரம் தாக்கி. அதில், யார் மேல் தப்பு என்று சொந்தக்காரர்கள் சண்டை போட்டே நாலு அத்தியாயம் ஓடியது. இப்போதைய வரைவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். "குடுத்து வச்சவ" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி பொறாமைப்படுகிறாள். அந்த வரி வந்த பிறகுதான் இது சிரிக்க வைக்கும் கதை என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

எழுத ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. தினம் காலை ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரை, செல்போனில்தான் எழுதுகிறேன். முதல் வரைவு 41,000 சொற்கள். அதில் பாதி எமலோகம். எமன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார், சித்திரகுப்தனுக்குப் பாஸ்வேர்ட் மறந்துபோயிருக்கும். எழுதும்போது தனியாக விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்தால், நாடகத்தில் பாதி வசனத்தில் ஒட்டுமீசை கழன்று தொங்குகிற மாதிரி இருந்தது. ஆள் மாறாட்டத்தில் தப்பான உயிரைக் கொண்டுபோன எமகிங்கரரை நம் ஊரில் பார்க்காதவர் யார்? 19,000 சொற்களை வெட்டி வேறு கோப்பில் போட்டேன். அழிக்க மனசு வரவில்லை.

எமலோகத்தை வெட்டியதும் வேறு பள்ளம் தெரிந்தது. அவள் எதற்காகத் திரும்பி வர வேண்டும்? சாவித்திரி கதையில் புருஷன் உயிருக்காக வாதாட ஒரு கெட்டிக்காரப் பெண்டாட்டி இருக்கிறாள். நூறு பிள்ளை வேண்டும் என்று வரம் வாங்கிவிட்டு, புருஷன் இல்லாமல் எப்படி என்று எமனையே மடக்குகிறாள். என் கோமளாவுக்கு வயது 34, கல்யாணம் ஆகவில்லை, மதுரையில் ஒரு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை. அவளுக்காக வாதாட யாருமில்லை. இரண்டு மாதம் ஒரு வரி நகரவில்லை.

பங்குனியில் அறுபத்து மூவர் பார்க்க மயிலாப்பூருக்கு, சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று காலையில் பூம்பாவையை எழுப்பும் நிகழ்ச்சியும் நடக்கும். பெரியபுராணக் கதைதான். பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாம்பு கடித்துவிட, அப்பா சிவநேசர் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் போட்டுக் காத்து வைத்திருக்கிறார். சம்பந்தர் வந்து பாட, குடத்திலிருந்து பெண் எழுந்து வருகிறாள். சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் அந்தப் பதிகத்தை அன்றுதான் கவனித்துக் கேட்டேன். 'உயிரே வா' என்று ஒரு இடத்திலும் இல்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாவாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் "காணாதே போதியோ பூம்பாவாய்" என்கிறார். இதையெல்லாம் பார்க்காமலே போகிறாயா? செத்தவளுக்கு ஆசை காட்டுகிறார்!

அதற்கப்புறம் நடப்பது இன்னும் அருமை. அப்பா, பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். உயிர் கொடுத்ததால் எனக்கு இவள் மகள் முறை என்று சம்பந்தர் மறுத்துவிடுகிறார். காதல் நகைச்சுவை எழுத உட்கார்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா? நாயகியை எழுப்புகிறவன் நாயகனாக இருக்கக் கூடாது.

சரி, கோமளா எதைப் பார்க்காமல் போனாள்? மதுரையிலேயே பிறந்து வளர்ந்தும் அழகர் ஆற்றில் இறங்குவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கூட்டம் பிடிக்காது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றே 34 வருஷம். இதைப் பிடித்ததும் மற்றது தானாக விழுந்தது. எழுந்து வந்தாலும் 16ஆம் நாள் காரியத்தோடு அவளுக்குக் கெடு முடிகிறது, அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி, அழகர் ஆற்றில் இறங்கும் நாள். சித்திரகுப்தனைக் கும்பிடும் நாளும் அதுவே என்பதால் அவரைப் பெயரளவில் உள்ளே விட்டேன், பாஸ்வேர்ட் இல்லாமல். அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போக மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை, குடம் அப்படியே இருக்கிறது. ஒன்பதாம் நாள் எழுந்து வந்துவிடுகிறாள்.

இங்கே ஒரு சந்தேகம். சாவு விழுந்த வீட்டார் அந்த வருஷம் திருவிழாவுக்குப் போகமாட்டார்கள். செத்தவளே போகலாமா? சித்தியிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "அவளுக்கு அவளே எப்படிடா பங்காளி ஆவா? தாராளமா போகலாம்" என்றாள். அப்படியே நாவலில் வைத்துவிட்டேன்.

அதிக நாள் தின்றது சட்டம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969. சாவை 21 நாளைக்குள் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். எனக்கு வேண்டியது 15ஆவது பிரிவு. பதிவு பிழையாகவோ மோசடியாகவோ இருந்தால் திருத்தலாம், ரத்து செய்யலாம் என்கிறது. கோமளா விஷயத்தில் இரண்டும் இல்லை. அவள் நிஜமாகவே செத்தாள்! இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாயகன் சுந்தரம் பக்கத்து மேஜைக்காரர். ஏழு வருஷத்தில் "ஸ்டேப்ளர் இருக்கா மேடம்?" தவிர அவளிடம் எதுவும் பேசியதில்லை. அவளுடைய சான்றிதழைப் போட்டவரும் அவரே. படிவத்தில் மாமா 'கோமலா' என்று எழுதியிருந்தார். ரேஷன் கார்டிலும் அப்படித்தான். சுந்தரம் மூன்று தடவை போன் செய்து, கையால் எழுதிய பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி, 'கோமளா' என்று திருத்திப் போட்டார். ஒன்பதாம் நாள் அவள் கவுண்டரில் வந்து நிற்கிறாள்.

"டோக்கன் எடுத்தீங்களா?" தலை நிமிராமல் கேட்கிறார்.

"எடுக்கல சார். என்னோடத ரத்து பண்ணணும்."

நிமிர்ந்து பார்க்கிறார். மயக்கம் போடுவார் என்று முதலில் எழுதியிருந்தேன். இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதுல ஒரு தப்பும் இல்லையே மேடம், நான் நாலு தடவை பார்த்தேன்" என்கிறார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் பெயர் சரியாக அச்சாகியிருப்பதை அவள் பார்க்கிறாள்.

இப்போது 29,000 சொற்களில் நிற்கிறது. 11ஆவது அத்தியாயத்தில், விடியற்காலை நாலு மணிக்கு வைகைக் கரையில், தோப்பறை என்கிற தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்கு நடுவே இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களும் அதே கூட்டத்தில். அவள் கெடு முடிந்து போகிறாளா, இருக்கிறாளா என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். தங்கை இரண்டையும் படித்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஆள் ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுத்தாரா?" என்று கேட்கிறாள். அது எந்த வரைவிலும் இல்லை. நாளைக் காலை அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.