கல்லூரி மனநல ஆலோசகரைச் சந்திக்கும் முன்

கல்லூரி ஆசிரியன் என்ற முறையில், மனம் தளர்ந்து வரும் மாணவர்களை எங்கள் வளாகத்தின் மனநல ஆலோசகரிடம் அவ்வப்போது அனுப்பி வைக்கிறேன். போகத் தயங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "நான் சொல்வது துறைத்தலைவருக்கோ வீட்டுக்கோ போய்விடுமா, சார்?" விடுதிக்குத் தாமதமாக வந்தாலே பெற்றோருக்குத் தகவல் போகும் சூழலில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த அச்சம் இருப்பது நியாயமே.

முறையாகப் பயிற்சி பெற்ற ஆலோசகர், தம்மிடம் சொல்லப்பட்டதை மாணவரின் சம்மதமின்றி வெளியிடமாட்டார். மனநலச் சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஓர் உரிமையாகவே ஏற்றிருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. மாணவரின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், காப்பாற்றத் தேவையான அளவுக்கு உரியவர்களிடம் அவர் சொல்லியாக வேண்டும். 18 வயது நிரம்பாத ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். முதலாமாண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான் என்பதால், இதை அவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும். ஆகவே குறிப்புகள் எங்கே வைக்கப்படுகின்றன, யாரெல்லாம் அவற்றைப் பார்க்க முடியும், எந்த நிலையில் பெற்றோருக்குச் சொல்வார்கள் என்பவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். நல்ல ஆலோசகர் இதற்காக முகம் சுளிக்கமாட்டார்.

சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை நீளும். தூக்கம், உணவு, வீட்டு நிலைமை, படிப்பு, முன்பு எடுத்த சிகிச்சை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார்கள்; சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்றும் நேரடியாகவே கேட்பார்கள். அது வழக்கமான கேள்விதான், திடுக்கிட வேண்டாம். ஆங்கிலத்தில் பேச வேண்டுமோ என்று தயங்கும் கிராமத்து மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழிலேயே, உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசலாம். முதல் நாளில் தீர்வு கிடைக்காது. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வருகைப்பதிவையோ மதிப்பெண்ணையோ திருத்தும் அதிகாரம் ஆலோசகருக்குக் கிடையாது.

பல கல்லூரிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியரையே ஆலோசகராகவும் நியமித்துவிடுகிறார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுபவரிடம் ஒரு மாணவி மனம் திறந்து பேசுவாள் என்று எதிர்பார்ப்பது தவறு என்றே கருதுகிறேன். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வழங்கியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இல்லையென்றால், மாணவர் பேரவை வழியாக எழுத்து மூலம் கேளுங்கள்.

ஆலோசகரின் அறை மாலையில் பூட்டப்பட்டுவிடும். இரவில் தாங்க முடியாத நிலை வந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். நாள் முழுவதும் இயங்கும் அச்சேவையில் தமிழிலும் பேசலாம்.