பத்துக்கு எட்டு

"பத்துக்கு எட்டுதானா? மீதி ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்று, பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பேத்தியின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தபடி என் தங்கை இன்று கேட்டாள்.

முதல் நிமிடத்தில் 8, ஐந்தாம் நிமிடத்தில் 9 என்று அதில் எழுதியிருந்தது.

அது அப்கார் மதிப்பெண். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952-இல் வகுத்த இந்த முறையில், இதயத் துடிப்பு, மூச்சு, தசைகளின் இறுக்கம், தூண்டலுக்குக் குழந்தை காட்டும் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடுகிறார்கள். பிறந்தவுடன் கைகால்கள் சற்று நீலம் பாரித்திருப்பது இயல்பு என்பதால், நலமாகப் பிறந்த குழந்தையும் முதல் நிமிடத்தில் 10 பெறுவது அரிது.

ஐந்தாம் நிமிடத்திலும் 7-க்குக் கீழே இருந்தால், ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபதாம் நிமிடம் வரை மீண்டும் பார்க்கிறார்கள்.

அந்த 'மீண்டும்' என்ற சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது.

இந்த எண் குழந்தையின் அறிவைப் பற்றி எதையும் சொல்வதில்லை; அருகில் நிற்பவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இடப்படுகிறது. பள்ளியில் நாம் இடும் எண்ணோ பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017-இல் நிறுத்தியபோது நான் மனதார மகிழ்ந்தேன். ஆனால் வீடுகளில் அந்தக் கேள்வி இன்னும் நிற்கவில்லை.

தங்கையிடம் குழந்தையின் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நன்றாகச் சிவந்திருந்தது.